விண்டோஸ் லோகோ வந்ததும் ரீஸ்டார்ட், மறுபடி ரீஸ்டார்ட்: ஃபார்மட் செய்யாமல் வழி உண்டா?

மாடிவீடு

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் ஒன்று பாடாய்ப் படுத்துகிறது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மதர்போர்டு லோகோ வருகிறது, பிறகு விண்டோஸ் லோகோவும் அதன் கீழே சுற்றும் புள்ளிகளும் வருகின்றன. புள்ளிகள் சில சுற்று சுற்றுவதற்குள் நீலமாக ஏதோ பளிச்சென்று வந்து மறைந்து, திரும்பவும் முதலிலிருந்து. இப்படி இரண்டு மூன்று தடவை ஆனபின் தானாகப் பழுது பார்க்கிறேன் என்று ஒரு திரை வருகிறது, கொஞ்ச நேரம் யோசிக்கிறது, முடியவில்லை என்று கைவிரிக்கிறது.

விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில், படங்களும் மற்ற கோப்புகளும் தனி ஹார்டு டிஸ்க்கில். புதிதாக எந்த பாகமும் மாட்டவில்லை, புது மென்பொருளும் போடவில்லை. கொஞ்ச காலம் வீட்டில் ஆள் இல்லாததால் சுவிட்ச் போர்டிலேயே அணைத்து வைத்திருந்தோம், திரும்பி வந்து போட்டதிலிருந்து இப்படி. அப்புறம் இன்னொன்று, இப்போதெல்லாம் ஆன் செய்ததும் கருப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறது, அழுத்தினால் மேலே போகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா தெரியாது.

கேட்டவர்கள் எல்லாரும் ஃபார்மட் அடி என்கிறார்கள். சி டிரைவில் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைத்த வேலைக் கோப்புகள் நிறைய இருக்கின்றன, அவற்றுக்குக் காப்புப் பிரதி இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

திருகாணி

எஸ்எம்பிஎஸ்ஸைப் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பாருங்கள். ஸ்டார்ட் ஆகும்போது ரீஸ்டார்ட் ஆவதில் நான் பார்த்தவரை பெரும்பாலும் அதுதான். விண்டோஸ் ஏறும் நேரத்தில்தான் பிராசசரும் டிஸ்க்கும் ஒரே சமயத்தில் மின்சாரம் இழுக்கும், பலவீனமான சப்ளை அங்கே படுத்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் பவர் கனெக்டரில் அளக்கலாம். மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், 11.4க்குக் கீழே போகக் கூடாது. சிவப்பில் 5 வோல்ட், 4.75க்குக் கீழே போகக் கூடாது. பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் கம்பியால் சேர்த்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள், அது சுமையே இல்லாத சோதனை. அதில் தேறிய எஸ்எம்பிஎஸ் மதர்போர்டில் மாட்டியதும் படுத்ததை நிறையப் பார்த்தாயிற்று. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறந்துவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பின்னாலும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

ராமைக் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் துடைத்து, தூள் போக ஊதிவிட்டு மாட்டுங்கள். இரண்டு இருந்தால் ஒன்று ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்.

நள்ளிரவு நிரலர்

திருகாணி சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. எந்த இடத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் இதில் பாதி விடை. ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் அப்படியே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, சப்ளை, சூடு, ராம், மதர்போர்டு, இல்லையென்றால் உள்ளே போய் மாட்டிக்கொண்ட ரீசெட் பட்டன், இதில் ஏதோ ஒன்று. அங்கே நின்று விளையாடினால் ஹார்டுவேர் முழுக்க நல்லது என்று சொல்ல முடியாது (பயாஸில் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே கிடையாது), ஆனால் சந்தேகம் விண்டோஸ் பக்கம் சாயும்.

இரண்டாவது, அந்த நீலத் திரை. அதில்தான் காரணம் எழுதியிருக்கிறது, நீங்கள் படிப்பதற்குள் ஓடிவிடுகிறது. விண்டோஸ் அப்படி ஒரு பழக்கத்தோடு வருகிறது: கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். அதை நிறுத்த, பழுது பார்க்கும் திரை வந்து கைவிரிக்கும் இடத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ட்ரபுள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 9ஐ அழுத்துங்கள், தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துவது அதுதான். நாம் தேடும்போது சிலருக்கு அந்த மெனு கண்ணில் படாது, அப்போது போனை ஸ்டாண்டில் வைத்து மானிட்டரை வீடியோ எடுங்கள், பிறகு மெதுவாக நகர்த்திப் பார்த்தால் ஏதாவது ஒரு ஃபிரேமில் ஸ்டாப் கோட், அதாவது கோளாறின் பெயர், கிடைத்துவிடும். சோக முகத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

அதே பட்டியலில் 4 சேஃப் மோட், தேவையான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் ஏறும் முறை. அதில் ஏறுகிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். விண்டோஸ் தரப்பில் வரும் பெரிய குளறுபடிகளுக்கு அதுதான் வாசல். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இதே மாதிரி நீலத்திரை, ரீஸ்டார்ட், நீலத்திரை என்று மாட்டிக்கொண்டபோதும் சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழித்துத்தான் பலர் மீண்டார்கள். உங்களுக்கு அது கிடையாது, அது அலுவலகக் கணினிகளில் இருக்கும் மென்பொருள், ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்.

சும்மா வந்தவன்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பென்டிரைவில் விண்டோஸ் ஏற்றி புதிதாகப் போட்டால் ஒரு மணி நேர வேலை. பழைய குப்பையும் போகும்.

நள்ளிரவு நிரலர்

@சும்மா வந்தவன், டெஸ்க்டாப்பில் கோப்புகள் இருக்கின்றன, காப்புப் பிரதி இல்லை என்று கேள்வியிலேயே இருக்கிறது. தவிர, கோளாறு ஹார்டுவேரில் என்றால் புது விண்டோஸும் இதே இடத்தில் வந்து நிற்கும், கோப்பும் போயிருக்கும்.

@மாடிவீடு, கோப்புகள்தான் முக்கியம் என்றால் இன்னொரு கணினியில் உபுண்டு பென்டிரைவ் ஒன்று தயார் செய்து, நிறுவாமல் ட்ரை என்பதைக் கொடுத்து ஏறிப் பாருங்கள். டிஸ்க் தெரிந்தால் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு அப்புறம் நிதானமாக மற்றதைப் பார்க்கலாம். முக்கியமாக, டிஸ்க்கின் நிலை தெரியாமல் செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துப் பிழை திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் படிக்க வைத்து முடித்தே விடும்.

மாடிவீடு

இருவருக்கும் நன்றி. பயாஸில் விட்டுப் பார்த்தேன், சாப்பிட்டு முடித்து வந்தும் அப்படியே நின்றது, ரீஸ்டார்ட் ஆகவில்லை. சூடும் சாதாரணமாகத்தான் காட்டுகிறது.

போன் வீடியோ யோசனை அருமை. ஒரே ஒரு ஃபிரேமில் கிடைத்தது: "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்". பிறகு 9 போட்டதும் அந்தத் திரை நின்றது, அதே வரிதான். தேடினால் எஸ்எஸ்டி போய்விட்டது என்கிறார்கள். ஆனால் பயாஸில் எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் இரண்டின் பெயரும் சரியாகத் தெரிகிறது. உபுண்டுவை இன்னும் முயலவில்லை, பென்டிரைவ் தேட வேண்டும். எஸ்எஸ்டி போய்விட்டதா?

பழையபலகை

கேள்வியில் எல்லாரும் தாண்டிப் போன வரி ஒன்று இருக்கிறது. அந்த எஃப்1 கேட்கும் திரையில் எழுதியிருப்பதை வரி விடாமல் இங்கே போடுங்கள். பயாஸுக்குள் தேதி என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள்.

மாடிவீடு

"சிமாஸ் செக்சம் எரர், டீஃபால்ட்ஸ் லோடட்" என்று முதல் வரி. இரண்டாவது வரி எஃப்1 அழுத்தினால் செட்டப் அல்லது தொடரலாம் என்பது மாதிரி. தேதி 2017 ஜனவரி 1 என்று இருக்கிறது. நேற்று நானே மாற்றி வைத்தேன், இன்று காலையில் சுவிட்சைப் போட்டுப் பார்த்தால் மறுபடி 2017.

பழையபலகை

அப்படியானால் எஸ்எஸ்டி உயிரோடு இருக்க வாய்ப்பு மிக அதிகம். நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். பயாஸில் நாம் வைத்த அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பது அதன் வேலை. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், எஸ்எம்பிஎஸ் ஒரு சின்ன அளவு மின்சாரத்தை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் பேட்டரி தீர்ந்து போயிருந்தாலும் வெளியே தெரியாது. நீங்கள் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிட்டுப் போனீர்கள், பேட்டரி தனியாகத் தாங்க வேண்டி வந்தது, தாங்கவில்லை. போர்டு எல்லாவற்றையும் மறந்து கம்பெனியிலிருந்து வந்த அமைப்புக்குத் திரும்பிவிட்டது. "டீஃபால்ட்ஸ் லோடட்" என்பது அதைத்தான் சொல்கிறது.

அந்த அமைப்புகளில் ஒன்று சாட்டா மோட், டிஸ்க்கோடு போர்டு எந்த முறையில் பேச வேண்டும் என்பது. ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்டு என்று போர்டுக்குத் தக்கபடி இரண்டோ மூன்றோ இருக்கும். விண்டோஸை நிறுவிய நாளில் எது இருந்ததோ அதற்கான டிரைவரைத்தான் ஸ்டார்ட் ஆகும்போது ஏற்றிக்கொள்ளும்படி விண்டோஸ் குறித்து வைத்திருக்கும். இப்போது அது வேறாக மாறிவிட்டால் என்ன ஆகும் பாருங்கள்: முதலில் லோடரையும் கெர்னலையும் (விண்டோஸைத் தொடங்கி வைக்கும் அடிப்படைக் கோப்புகள்) டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தருவது பயாஸ், அதற்கு எந்த மோடாக இருந்தாலும் டிஸ்க்கைப் படிக்கத் தெரியும், அதனால் லோகோ வருகிறது, புள்ளியும் சுற்றுகிறது. பிறகு விண்டோஸ் தன் சொந்த டிரைவரைக் கொண்டு அதே டிஸ்க்கைத் திறக்கப் பார்க்கிறது, டிரைவர் பொருந்தவில்லை, தான் ஏறி வந்த டிஸ்க்கையே காணோம் என்று நீலத்திரை போடுகிறது. டிஸ்க்கே தெரியாததால் டம்ப் கோப்பும் (கோளாறு விவரத்தை விண்டோஸ் பதிந்து வைக்கும் கோப்பு) எழுத முடியாது, அதைத் தேடிப் பயனில்லை. பழைய விண்டோஸ்களில் 7பி என்று முடியும் எண்ணாக வரும், அதே ஆசாமிதான் இது.

செய்ய வேண்டியது: பயாஸுக்குள் போய், எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பிறகு ஸ்டோரேஜ் அல்லது சாட்டா கான்ஃபிகரேஷன் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, ரெய்டு அல்லது ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ ஆக்கி, எஃப்10 போட்டுச் சேமியுங்கள். இப்போதே ஏஎச்சிஐயில் இருந்தால் மற்றதைப் போட்டுப் பாருங்கள். ஏறவில்லையென்றால் பழையபடி மாற்றிவிடலாம், இந்த மாற்றத்தால் டிஸ்க்கில் இருக்கும் எதுவும் அழியாது. ஒன்றே ஒன்று, ரெய்டு என்று தனியாக ஒரு மெனு இருந்து அதில் கிரியேட், டெலிட் என்று கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அழிவது அங்கேதான்.

மோடை மாற்றும்போது சுவிட்ச் போர்டை அணைக்காதீர்கள், அணைத்தால் மறுபடி மறந்துவிடும்.

நள்ளிரவு நிரலர்

பழையபலகை சொன்னது கச்சிதமாகப் பொருந்துகிறது, எஃப்1 வரியை நானும் கவனிக்கத்தான் இல்லை. ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன்: டிஸ்க்கில் பிட்லாக்கர் (டிஸ்க்கையே குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் பயாஸ் அமைப்பு மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். தானாகவே குறியாக்கம் ஆகி வரும் கணினிகளும் உண்டு, உரியவருக்கே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவி சேமிப்பில் இருக்கிறதா என்று போனிலேயே முதலில் பார்த்துவிடுங்கள்.

திருகாணி

சரி, எஸ்எம்பிஎஸ் தப்பித்தது. பேட்டரியை மாற்றும் விதம்: பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். பேட்டரி பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், கார்டைக் கழற்றினால்தான் விரல் போகும். ஓரத்தில் சின்ன உலோகக் கொக்கி இருக்கும், அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானே எழும்பி வரும், ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள், பக்கத்தில் இருக்கும் தடங்கள் கீறிப்போகும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்துங்கள். மீட்டரில் புதியது 3 வோல்ட்டுக்கு மேலே காட்ட வேண்டும்.

மாடிவீடு

ஏறிவிட்டது! பயாஸில் ரெய்டு என்றுதான் இருந்தது. ஏஎச்சிஐ ஆக்கிச் சேமித்ததும் புள்ளிகள் சுற்றி, நேராகக் கடவுச்சொல் கேட்டது. டெஸ்க்டாப்பில் கோப்புகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. இப்போது முதல் வேலையாக வெளி டிஸ்க்குக்கு நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. பழையபலகை அண்ணா, மிக்க நன்றி.

பேட்டரி வாங்கி வந்தபின் மாற்றுகிறேன். அதுவரை சுவிட்சை அணைக்காமல் இருந்தால் போதுமா? இன்னொன்று, பிரவுசரில் பாதித் தளங்கள் பாதுகாப்பில்லை என்று பயமுறுத்துகின்றன, வைரஸ் ஏதாவது இருக்குமா?

பழையபலகை

வைரஸ் இல்லை, தேதிதான். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு, உங்கள் கணினி 2017இல் இருப்பதால் அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. விண்டோஸில் தேதி, நேர அமைப்பில் சிங்க் நவ் என்பதை அழுத்துங்கள், சரியாகிவிடும். நேரம் இவ்வளவு தள்ளி இருந்தால் சில சமயம் சிங்க் ஆகாது, அப்போது கையால் ஒருமுறை கிட்டத்தட்ட வைத்துவிட்டு அழுத்துங்கள்.

சுவிட்சை அணைக்காமல் இருந்தால் தாங்கும், ஆனால் ஒருமுறை மின்சாரம் போனால் மறுபடி ரெய்டுதான். பேட்டரி மாற்றியதும் அமைப்புகள் இன்னொரு தடவை போயிருக்கும், அதனால் விண்டோஸை ஏற விடாமல் நேராக பயாஸுக்குப் போய் தேதி, ஏஎச்சிஐ இரண்டையும் வைத்த பிறகு ஏற விடுங்கள். பூட் வரிசையில் எஸ்எஸ்டி முதலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது கலைந்தால் ரீஸ்டார்ட் ஆகாது, பூட் ஆகும் டிஸ்க் இல்லை என்று வேறு மாதிரி பயமுறுத்தும்.

இளவேனில்77

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ரீஸ்டார்ட்தான், ஆனால் லோகோவே வருவதில்லை. ஃபேன் சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது, திரை கருப்பு. புது போர்டு, டிடிஆர்5 ராம். ஒரு ராம் இருந்தது, நேற்று இரண்டாவதை மாட்டியதிலிருந்து இப்படி. பயந்துபோய் உடனே அணைத்துவிட்டேன்.

திருகாணி

அணைக்காமல் விட்டுப் பாருங்கள். டிடிஆர்5 போர்டுகள் ராம் மாறியதும் அதற்கேற்ற வேகத்தையும் நேரக் கணக்கையும் தானே சோதித்துப் பழகும், அந்த நேரத்தில் திரை கருப்பாக இருக்கும், நடுவில் ஓரிரு முறை தானாக ரீஸ்டார்ட் ஆவதும் உண்டு. சில நிமிடங்கள் பிடிக்கும். போர்டில் டிராம் என்று எழுதிய குட்டி விளக்கு எரிகிறதா பாருங்கள், எரிந்தால் அதுதான் நடக்கிறது. நடுவில் அணைத்தால் அடுத்த தடவை முதலிலிருந்து தொடங்கும்.

கால் மணி நேரம் விட்டும் வரவில்லையென்றால் புதியதைக் கழற்றி பழையதை மட்டும் போடுங்கள். வந்தால், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ராமை வேகமாக ஓட்டும் அமைப்பு) போட்டிருப்பதை பயாஸில் நிறுத்திவிட்டு இரண்டையும் மாட்டிப் பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் இரண்டு ராமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். கையேட்டிலும் படம் இருக்கும்.

இளவேனில்77

பக்கத்துப் பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறேன். இடம் மாற்றிவிட்டு, அணைக்காமல் காத்திருந்து பார்க்கிறேன்.

மாடிவீடு

பேட்டரி மாற்றியாயிற்று. கொக்கி கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில்தான் இருந்தது. பழையதை மீட்டரில் பார்த்தேன், 2 வோல்ட்டைக்கூட எட்டவில்லை. பிளக்கைப் பிடுங்கி இரவு முழுக்க வைத்துவிட்டு இப்போது போட்டேன், எஃப்1 கேட்கவில்லை, தேதி சரியாக இருக்கிறது, சாட்டா மோடும் வைத்தபடியே இருக்கிறது. தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்த்துவிடுகிறேன்.